தாய், மகன், புதிய புத்தகங்கள்: ஒரே வாக்கியத்தில் எஸ்பெராண்டோ இலக்கணம்

கேள்வி: சில மாதங்களாகக் கைப்பேசிச் செயலி ஒன்றில் எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியைப் படித்து வருகிறேன். மொத்த இலக்கணமும் 16 விதிகள்தான் என்றார்கள். அவற்றை எழுதி வைத்து மனப்பாடமும் செய்துவிட்டேன். ஆனால் 'லா பத்ரினோ தோனாஸ் அல் சியா ஃபிலோ நோவாய்ன் லிப்ரோய்ன்' என்ற சாதாரண வாக்கியம் வந்ததும் திணறிவிட்டேன். பொருள் தெரிகிறது: தாய் தன் மகனுக்குப் புதிய புத்தகங்களைக் கொடுக்கிறாள். ஆனால் 'ய்ன்' எதற்கு இரண்டு முறை வருகிறது? மகனுக்கு மட்டும் ஏன் அது இல்லை? எல்லா விளக்கமும் ஆங்கில இலக்கணத்தை வைத்தே இருக்கிறது. எனக்கு அது அவ்வளவாக வராது. முதலில் அதைப் படித்துவிட்டு வர வேண்டுமா? 'ன்' போடாவிட்டாலும் புரிந்துகொள்வார்கள் என்கிறார் என்னோடு கற்கும் ஒருவர். அவர் சொல்வது சரியா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஆங்கில இலக்கணம் தேவையில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நன்றாகக் கற்கக்கூடிய பலர் இந்தத் தயக்கத்திலேயே நின்றுவிடுவதை வகுப்பில் பார்க்கிறேன். உங்கள் வாக்கியத்தை ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அந்த 'ன்' எங்கிருந்தோ வந்த விருந்தாளி மாதிரி தெரியும். தமிழுக்குப் பக்கத்தில் வைத்தால் அதில் பாதிக்கு மேல் நீங்கள் தினமும் பேசும்போது செய்வதுதான். ஆனால் சில இடங்களில் தமிழ்ப் பழக்கம் நம்மைத் தவறான பக்கம் இழுத்துவிடும். தமிழ் எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் உங்கள் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்கு நீங்கள் அனுப்பிய இந்த ஒரு வாக்கியமே போதும்.

அந்த 16 விதிகள் மனப்பாடமாகியும் ஏன் உதவவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மொழியை உருவாக்கிய கண் மருத்துவர் ஸமென்ஹாஃப் 1887இல் வார்சாவில் வெளியிட்ட முதல் நூலிலேயே அவை இடம்பெற்றன. 1905இல் 'ஃபுந்தமெந்தோ' என்ற அடிப்படை நூலில் சேர்ந்து, யாரும் மாற்றக் கூடாதவை என்று ஏற்கப்பட்டன. அவர் மனத்தில் இருந்த வாசகர் பள்ளியிலேயே இரண்டு மூன்று ஐரோப்பிய மொழிகளின் இலக்கணம் படித்தவர். அவருக்கு ஒரு வரி போதும். நமக்கு அந்த ஒரு வரியைப் பிரித்து விரித்துச் சொன்னால்தான் விளங்கும். அதனால் பட்டியலைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். வாக்கியத்துக்கு வருவோம்.

ஒலிப்பை முதலில் முடித்துவிடலாம். எழுதியிருப்பதை அப்படியே படிப்பதுதான் விதி. பேசாத எழுத்து கிடையாது. அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும்: பத்ரினோவில் 'ரி', ஃபிலோவில் 'ஃபி'. தமிழ் எழுத்தில் எழுதும்போது ஒரு சின்னச் சங்கடம் உண்டு. தோனாஸில் வரும் த 'பந்து' மாதிரி மெல்ல ஒலிக்கும், பத்ரினோவில் வரும் த 'பத்து' மாதிரி. லிப்ரோவில் வரும் ப 'கம்பு' மாதிரி. இதைக் காதால் கேட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள், எழுத்தை நம்ப வேண்டாம்.

இப்போது கடைசிச் சொல்லை எடுங்கள், லிப்ரோய்ன். இது நான்கு துண்டு. 'லிப்ர்' என்பது வேர், புத்தகத்தின் பொருள் முழுவதும் அதில்தான். 'ஓ' வந்தால் பெயர்ச்சொல். 'ய்' வந்தால் பன்மை. 'ன்' வந்தால் செயப்படுபொருள். இதற்கு நேராகத் தமிழில் 'புத்தகங்களை' என்று எழுதிப் பாருங்கள்: புத்தகம், கள், ஐ. வேர் முதலில், பன்மை அடுத்து, வேற்றுமை உருபு கடைசியில். வரிசை அப்படியே ஒன்று! எங்கள் வகுப்பில் நான் முதலில் காட்டுவது இதைத்தான், ஏனென்றால் சொல்லின் வாலில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுவது என்ற பழக்கமே தமிழ் பேசுகிறவருக்குப் பெரிய முதலீடு. 'புத்தகஐகள்' என்று நீங்கள் ஒருநாளும் சொல்லமாட்டீர்கள். அதேபோல 'லிப்ரோன்ய்' என்றும் உங்கள் வாயில் வராது.

ஆக, 'ன்' என்பது நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ'. இந்த அளவில் நிறுத்திக்கொண்டால் பாடம் எளிது, ஆனால் தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

தமிழில் 'ஐ' எப்போதும் வருவதில்லை. 'அவன் புத்தகம் படிக்கிறான்' என்கிறோம், 'அவன் புத்தகத்தைப் படிக்கிறான்' என்றும் சொல்கிறோம். முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில் நாம் பேசிக்கொண்டிருக்கும் அந்தப் புத்தகம். உயிரில்லாத பொருளாக இருந்தால் 'ஐ' விருப்பம்போல வரும், போகும். வரும்போது 'குறிப்பிட்ட அந்தப் பொருள்' என்ற அர்த்தத்தையும் கூடவே சுமந்து வரும். எஸ்பெராண்டோ இந்த இரண்டு வேலையையும் பிரித்துவிட்டது. செயப்படுபொருள் என்று காட்டுவது 'ன்' வேலை, அது கட்டாயம். குறிப்பிட்ட பொருள் என்று காட்டுவது 'லா' வேலை. எனவே 'புத்தகம் படிக்கிறான்' என்பது 'லி லேகாஸ் லிப்ரோன்'. 'புத்தகத்தைப் படிக்கிறான்' என்பது 'லி லேகாஸ் லா லிப்ரோன்'. இரண்டிலும் 'ன்' இருப்பதைக் கவனியுங்கள். தமிழில் மனத்துக்குள் வாக்கியத்தை அமைத்துவிட்டு, 'ஐ' இருந்தால்தான் 'ன்' என்று போனால் பாதி இடங்களில் தவறிவிடும். 'எதை?' என்று கேட்டுப் பாருங்கள். படிக்கிறான், எதை? கொடுக்கிறாள், எதை? பதிலாக வருகிற பெயருக்கு 'ன்' உண்டு, தமிழில் 'ஐ' தெரிந்தாலும் மறைந்திருந்தாலும்.

இந்தக் கேள்வியும் கைவிடும் ஓர் இடம் உண்டு. 'எனக்குப் புத்தகம் பிடிக்கும்', 'எனக்குப் புத்தகம் வேண்டும்', 'என்னிடம் புத்தகம் இருக்கிறது.' தமிழில் இவற்றில் புத்தகமே எழுவாய் மாதிரி நிற்கிறது. 'நான்' என்பது 'எனக்கு', 'என்னிடம்' என்று ஓரமாகிவிடுகிறது. எஸ்பெராண்டோவில் 'நான்' முன்னால் வந்து எழுவாயாகிறது, புத்தகம் 'ன்' வாங்கிக்கொள்கிறது: 'மி ஷாத்தாஸ் லிப்ரோய்ன்', 'மி வோலாஸ் லிப்ரோன்', 'மி ஹாவாஸ் லிப்ரோன்'. இந்த மூன்றையும் உரக்கச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஏற்றிவிடுங்கள், யோசித்துச் செய்கிற காரியமாக வைத்திருக்க வேண்டாம். தமிழ் மாதிரியே நடக்கிற ஒரு வினையும் இருக்கிறது: 'லா லிப்ரோ ப்லாச்சாஸ் அல் மி', அந்தப் புத்தகம் எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே புத்தகம் எழுவாய், அதனால் 'ன்' இல்லை. எனக்கு மிகவும் பிடித்த வினை இது.

இனி, 'ன்' போடாவிட்டால் என்ன என்ற உங்கள் நண்பரின் கேள்வி. உங்கள் வாக்கியத்தில் போடாவிட்டாலும் புரியும்தான். புத்தகங்கள் தாயைக் கொடுக்க முடியாது. ஆனால் 'லா ஃபிலோ அமாஸ் லா பத்ரினோன்' என்றால் மகன் தாயை நேசிக்கிறான். 'லா ஃபிலோன் அமாஸ் லா பத்ரினோ' என்றால் தாய் மகனை நேசிக்கிறாள். சொற்களின் வரிசை இரண்டிலும் ஒன்றே, 'ன்' மட்டும் இடம் மாறியிருக்கிறது. அந்த ஓர் எழுத்து இருப்பதால்தான் உங்கள் வாக்கியத்தை 'நோவாய்ன் லிப்ரோய்ன் லா பத்ரினோ தோனாஸ் அல் சியா ஃபிலோ' என்று புரட்டிப் போட்டு, புத்தகங்களுக்கு அழுத்தம் கொடுக்க முடிகிறது. 'புதிய புத்தகங்களைத் தாய் மகனுக்குக் கொடுக்கிறாள்' என்று தமிழில் நாம் சாதாரணமாகச் செய்வதுதானே இது? 1907இல் எஸ்பெராண்டோவைத் திருத்தி 'இடோ' என்ற மொழியை உருவாக்கியவர்கள், செயப்படுபொருள் எழுவாய்க்கு முன்னால் வந்தால் மட்டும் 'ன்' போதும் என்று வைத்தார்கள். அதாவது, குறைக்க நினைத்தவர்களாலும் முழுவதும் விட முடியவில்லை. உங்கள் நண்பருக்கு என் பதில் இதுதான்: போடுங்கள், முதல் நாளிலிருந்தே போடுங்கள். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களுக்கு அது பிறகு ஒட்டுவது சிரமம்.

மகனுக்கு ஏன் 'ன்' இல்லை என்று கேட்டிருந்தீர்கள். 'அல்' அங்கே நிற்பதால்தான். எஸ்பெராண்டோவில் வேற்றுமை உருபு என்று ஒட்டுவது 'ன்' ஒன்றே. நம் 'உக்கு', 'ஆல்', 'ஓடு', 'இல்' எல்லாவற்றுக்கும் அங்கே தனிச் சொற்கள், அவை பெயருக்கு முன்னால் நிற்கும். 'அல்' என்றால் 'உக்கு'. அந்தச் சொல்லே பெயரின் வேலையைக் காட்டிவிடுவதால் பெயர் வெறுமனே நிற்கலாம்: அல் சியா ஃபிலோ. 'குன்' என்றால் 'ஓடு': குன் சியா ஃபிலோ, தன் மகனோடு. 'ன்' கிடையாது.

ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது சீக்கிரமே உங்கள் எதிரே வரும். இடத்தைக் காட்டும் சொல்லுக்குப் பின்னால் 'ன்' வந்தால் அது நகர்வைக் காட்டும். 'லா ஃபிலோ சால்தாஸ் சுர் லா லித்தோ' என்றால் மகன் கட்டிலின் மேல்தான் நிற்கிறான், அங்கேயே குதித்துக்கொண்டிருக்கிறான். 'சுர் லா லித்தோன்' என்றால் தரையிலிருந்து கட்டிலின் மேல் தாவுகிறான். தமிழில் 'கட்டில் மேல் குதிக்கிறான்' என்று இரண்டுக்கும் சொல்லிவிடுவோம். 'அல்' என்ற சொல்லே நகர்வைக் காட்டுவதால் அதற்குப் பிறகு இந்த 'ன்' தேவைப்படாது.

அடுத்து 'ய்ன்' ஏன் இரண்டு முறை என்ற முதல் கேள்வி. 'நோவா' என்றால் புதிய. 'ஆ'வில் முடிந்தால் பெயரடை. 'புதிய புத்தகம், புதிய புத்தகங்கள், புதிய புத்தகங்களை' என்று தமிழில் 'புதிய' அசையாமல் நிற்கிறது. எஸ்பெராண்டோவில் பெயர் எதை வாங்கிக்கொள்கிறதோ அதையே பெயரடையும் வாங்கிக்கொள்ள வேண்டும்: நோவா லிப்ரோ, நோவாய் லிப்ரோய், நோவாய்ன் லிப்ரோய்ன். இங்கே தமிழ் கைகொடுக்காது. 'புதியவை' என்ற சொல்லை மட்டும் நினைத்துக்கொள்ளலாம்: 'லா லிப்ரோய் எஸ்தாஸ் நோவாய்', புத்தகங்கள் புதியவை. இந்த ஓர் அமைப்பில் நாமும் பன்மையைப் பெயருக்கு ஏற்ப மாற்றுகிறோம். அதையே அவர்கள் எல்லா இடத்திலும் செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டால் விநோதம் குறையும். இங்கே 'ன்' இல்லாததையும் பார்த்தீர்களா? எஸ்தாஸ் என்பது 'இருக்கிறது, ஆகும்' என்ற பொருள் கொண்ட வினை. அது எதையும் பாதிப்பதில்லை, எனவே அதன் பின்னால் 'ன்' வராது.

இந்த இரட்டிப்பு வீண் சுமை என்று சொல்கிறவர்கள் உண்டு. இடோவில் இதைத் தூக்கியே விட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 'புதிய புத்தகத்தையும் பேனாவையும் கொடுக்கிறாள்' என்ற தமிழ் வாக்கியத்தில் பேனா புதிதா? சொல்ல முடியாது. எஸ்பெராண்டோவில் 'நோவான் லிப்ரோன் காய் ப்லுமோன்' ('காய்' என்பது நம் 'உம்') என்றால் புதிது என்று உறுதியாகச் சொல்வது புத்தகத்தைப் பற்றி மட்டும். 'நோவாய்ன் லிப்ரோன் காய் ப்லுமோன்' என்றால் இரண்டுமே புதிது, ஏனென்றால் பெயரடை பன்மையில் நிற்கிறது. அந்த ஒரு 'ய்' எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள்!

'லா' பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும்போது வரும். எண்ணிக்கை, வேற்றுமை எதற்கும் மாறாது. 'ஒரு' என்பதற்குத் தனிச் சொல் கிடையாது. இது எங்கே வரும், எங்கே வராது என்பது தமிழ் போன்ற மொழியிலிருந்து வருகிறவர்களுக்குப் பிடிபட நாளாகும். ஸமென்ஹாஃபுக்கும் அது தெரிந்திருந்தது. இந்தச் சொல் கடினமாக இருந்தால் ஆரம்பத்தில் விட்டுவிடலாம் என்று முதல் விதியோடு அவரே குறிப்பு எழுதினார். அந்தச் சலுகையை நீங்கள் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். 'ன்' விஷயத்தில் அப்படி ஒரு சலுகையை அவர் தரவில்லை.

'சியா'வுக்கு வருகிறேன். ஆங்கிலம் வழியாகக் கற்கிறவர்கள் வாரக்கணக்கில் குழம்பும் இடம் இது, உங்களுக்கோ ஏற்கெனவே தெரிந்தது. 'தாய் தன் மகனுக்குக் கொடுக்கிறாள்' என்றால் அவள் பெற்ற மகன். 'தாய் அவள் மகனுக்குக் கொடுக்கிறாள்' என்றால் வேறொருத்தியின் மகனோ என்று சந்தேகம் வரும். அந்தத் 'தன்'தான் 'சியா'. 'ஷி' என்றால் அவள், 'ஷியா' என்றால் அவளுடைய; 'அல் ஷியா ஃபிலோ' என்று எழுதினால் வேறொரு பெண்ணின் மகன். 'நான் தன் புத்தகம்' என்று நாம் சொல்வதில்லை, 'என் புத்தகம்' என்கிறோம். அவர்களும் 'மியா' என்கிறார்கள், 'சியா' படர்க்கைக்கு மட்டும். ஒரே வித்தியாசம், நமக்கு ஒருமையில் 'தன்', பன்மையில் 'தம்'. அவர்களுக்கு இரண்டுக்கும் சியாதான். அப்புறம், சியாவும் 'ஆ'வில் முடிவதால் பெயரடை போலவே 'ய்', 'ன்' வாங்கும்: சியாய்ன் லிப்ரோய்ன், தன் புத்தகங்களை. எழுவாயோடு மட்டும் இதைச் சேர்க்காதீர்கள். 'அவளும் அவள் மகனும் வந்தார்கள்' என்பதில் மகனும் எழுவாயின் பகுதி, அதனால் 'ஷி காய் ஷியா ஃபிலோ'. 'அவள் தன் மகனோடு வந்தாள்' என்றால் 'குன் சியா ஃபிலோ'.

வினைக்கு வருவோம். 'தோன்' என்பது வேர். 'தோனாஸ்' கொடுக்கிறாள், 'தோனிஸ்' கொடுத்தாள், 'தோனோஸ்' கொடுக்கப்போகிறாள், 'தோனுஸ்' கொடுத்திருப்பாள் அல்லது முடிந்தால் கொடுப்பாள், 'தோனு' கொடு, 'தோனி' கொடுக்க. ஒழுங்கு மீறிய வினை இந்த மொழியில் ஒன்றுகூட இல்லை. 'வா, வந்தேன்', 'நில், நின்றேன்' என்று வேரே உருமாறும் மொழியில் வளர்ந்த நமக்கு இது பெரிய ஓய்வு. ஆனால் இங்கேயும் மூன்று கவனம் வேண்டும்.

கொடுக்கிறாள் என்பதில் 'ஆள்' இருக்கிறது; அது கொடுப்பவள் ஒருத்தி என்று சொல்லிவிடுகிறது. தோனாஸில் அப்படி எதுவும் இல்லை. நான், நீ, அவன், அவள், அவர்கள் எல்லோருக்கும் தோனாஸ் ஒன்றேதான். அதனால் 'வந்தேன்', 'படித்தோம்' என்று எழுவாயை விழுங்கிவிட்டுப் பேசும் நம் வழக்கம் அங்கே செல்லாது. 'மி வேனிஸ்', 'நி லேகிஸ்' என்று யார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். 'ப்லுவாஸ்', மழை பெய்கிறது, என்பது போன்ற சில வினைகளுக்கு மட்டும் எழுவாய் வேண்டாம்.

இரண்டாவது, 'தாய் தினமும் புத்தகம் கொடுப்பாள்' என்று நாம் சொல்வது எதிர்காலம் இல்லை, வழக்கம். வடிவத்தை நம்பி 'தோனோஸ்' போட்டுவிடாதீர்கள், அதற்கு 'தோனாஸ்'தான். 'எனக்குத் தெரியும்', 'பிடிக்கும்' எல்லாமே இப்படித்தான். நான் திருத்தும் கட்டுரைகளில் அடிக்கடி சிவப்பு மை விழும் இடங்களில் இதுவும் ஒன்று.

மூன்றாவது, 'கொடுக்கவில்லை' என்பது தமிழில் நேற்றுக்கும் பொருந்தும், இப்போதைக்கும் பொருந்தும். அங்கே காலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: நே தோனாஸ், நே தோனிஸ், நே தோனோஸ். 'நே' வினைக்கு முன்னால் வரும். 'நீ', 'நீங்கள்' வேறுபாடு கிடையாது, எல்லோருக்கும் 'வி' தான். பெரியவரை 'வி' என்று அழைப்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, தயங்காதீர்கள்.

கேள்வியாக மாற்ற முன்னால் 'ச்சு' போட்டால் போதும்: 'ச்சு லா பத்ரினோ தோனாஸ் அல் சியா ஃபிலோ நோவாய்ன் லிப்ரோய்ன்?' நாம் கடைசியில் ஒட்டும் 'ஆ'வை அவர்கள் முதலில் சொல்கிறார்கள், மற்றபடி வரிசை மாறாது. யார், எதை, எப்போது என்று கேட்பதற்கும் அதற்குப் பதில் சொல்வதற்கும் 45 சொற்கள் கொண்ட ஓர் அட்டவணை இருக்கிறது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எங்கே, அங்கே, எப்போது, அப்போது, எவ்வளவு, அவ்வளவு என்று முதலெழுத்தை மாற்றி நாம் பேசுவதுபோல அங்கே கியே, தியே, கியாம், தியாம், கியோம், தியோம். 'கி' நம் 'எ', 'தி' நம் 'அ'. நம் 'இ'க்கு 'ச்சி' என்று ஒரு சொல்லைக் கூடச் சேர்த்துக்கொள்வார்கள்: ச்சி தியே, இங்கே. 'எதை' என்று கேட்க 'கியோன்'. அங்கேயும் 'ன்' வந்து நிற்கிறது.

வாக்கியத்தில் மிச்சமிருப்பது பத்ரினோ. பத்ரோ தந்தை, நடுவில் 'இன்' சேர்ந்தால் தாய். ஃபிலோ மகன், ஃபிலினோ மகள். பெண்பாலை ஆண்பாலிலிருந்து பிறப்பிப்பது சரிதானா என்ற விவாதம் எஸ்பெராண்டோ பேசுகிறவர்களிடையே இருக்கிறது. அந்த விமர்சனத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது, ஆனால் நடைமுறையில் நீங்கள் கேட்கப்போவது பத்ரினோதான். முன்னாலும் இப்படி ஒட்டலாம். 'மல்' சேர்த்தால் எதிர்ச்சொல்: நோவா புதிய, மல்நோவா பழைய. லிப்ரோவோடு 'ஆர்' சேர்ந்து லிப்ராரோ என்றால் புத்தகங்களின் தொகுப்பு, 'எத்' சேர்ந்து லிப்ரேத்தோ என்றால் சின்னப் புத்தகம். அகராதியில் ஒரு வேரைப் பார்த்தால் பத்துச் சொல் உங்கள் கைக்கு வருவது இப்படித்தான்.

பயிற்சிக்குப் புது வாக்கியம் தேட வேண்டாம், இதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புத்தகம் ஒன்றாகட்டும்: நோவான் லிப்ரோன். நேற்று கொடுத்ததாகட்டும்: தோனிஸ். கொடுப்பவர் தந்தையாகட்டும், வாங்குபவள் மகளாகட்டும். எல்லாம் பழகியதும் பெயர்களை எடுத்துவிட்டு 'ஷி தோனாஸ் இலின் அல் லி' என்று சொல்லிப் பாருங்கள்: அவள் அவற்றை அவனுக்குக் கொடுக்கிறாள். 'இலி' அவர்கள் அல்லது அவை. 'ன்' சேர்ந்ததால் இலின். மி, மின், வி, வின், லி, லின் என்று எல்லாமே இப்படித்தான் போகும். மாற்றும் ஒவ்வொரு முறையும் 'ய்' எங்கே விழுந்தது, 'ன்' எங்கே விழுந்தது என்று பாருங்கள். பட்டியலில் படித்த விதிகள் ஒவ்வொன்றாக உயிர்பெறும்.

கடிதத்தின் பின்பக்கத்தில் நீங்களே எழுதிப் பார்த்த இரண்டு வாக்கியங்களையும் படித்தேன். 'மி ஹாவாஸ் த்ரி ஃபிலினோ. லேகாஸ் போனா லிப்ரோ.' எனக்கு மூன்று மகள்கள், நல்ல புத்தகம் படிக்கிறார்கள் என்று சொல்ல நினைத்திருக்கிறீர்கள். சொற்கள் எல்லாம் சரி. 'மூன்று புத்தகம்' என்று பேச்சில் விட்டுவிடுகிற பன்மை இங்கே வேண்டும், ஹாவாஸுக்குப் பிறகு 'ன்' வேண்டும், எனவே 'மி ஹாவாஸ் த்ரி ஃபிலினோய்ன்'. எண்ணுப்பெயரான 'த்ரி' எதையும் வாங்கிக்கொள்ளாது, அதைத் தொட வேண்டாம். இரண்டாவதில் யார் படிக்கிறார்கள் என்பது விடுபட்டிருக்கிறது, பெயரடைக்கும் பெயருக்கும் 'ன்' இல்லை: 'இலி லேகாஸ் போனான் லிப்ரோன்'. ஆளுக்கொரு புத்தகமாக இருந்தால் 'போனாய்ன் லிப்ரோய்ன்'. அடுத்த கடிதத்தில் உங்கள் மகள்கள் என்ன படிக்கிறார்கள் என்பதை எஸ்பெராண்டோவிலேயே எழுதுங்கள், திருத்தி அனுப்புகிறேன்.